இரண்டு நாற்பத்து நாலு

டேன் ஸ்லாமா நான்கு வருடங்களில் நாற்பதுக்கும் மேற்பட்ட எண்களை முதுகில் சுமந்தவன். ஒரு வாரம் பதினேழு, மறுவாரம் தொண்ணூற்றொன்று, அதற்கடுத்த வாரம் ஐந்து. சனிக்கிழமை எந்த அணியோடு ஆட்டமோ, அந்த அணியின் ஆட்டக்காரன் ஒருவனாகத் திங்கள் முதல் வியாழன் வரை அவன் வாழ்ந்தாக வேண்டும். அவன் ஓடுவதுபோல ஓட வேண்டும், அவன் விழுவதுபோல விழ வேண்டும். டேனுக்கென்று சொந்தமாக ஓர் எண் இருக்கத்தான் செய்தது. அது சனிக்கிழமைகளில் மட்டும் வெளியே வந்து, ஓரக்கோட்டில் நின்று ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, மடிப்புக் கலையாமல் துணிக்கூடைக்குத் திரும்பிப் போகும்.

லூப் ரிவர் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியில், பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடி முட்டி மோதும் அந்த ஆட்டத்தில், அவன் ஒரு வாக்-ஆன். அழையா விருந்தாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற ஆட்டக்காரர்களைக் கோச்சுகள் வீடு தேடிப் போய், அவர்களுடைய அம்மா சுட்ட ஆப்பிள் பையைப் புகழ்ந்து தின்று, படிப்புச் செலவு எங்கள் பொறுப்பு என்று கெஞ்சிக் கூட்டி வருவார்கள். இப்போதெல்லாம் அதற்கு மேலும் கொடுத்துக் கூட்டி வருகிறார்கள், கேட்டால் வயிறு எரியும். வாக்-ஆனை யாரும் கூப்பிடுவதில்லை. அவனே வந்து கதவைத் தட்டி, என் படிப்பை நானே பார்த்துக்கொள்கிறேன், அடி வாங்க எனக்கும் ஓர் இடம் கொடுங்கள் என்று நிற்பான். விடியற்காலையில் இரும்பு தூக்குவது, பனியில் ஓடுவது, ஐஸ் தொட்டியில் உட்கார்ந்து பல் கிட்டுவது எல்லாம் அவனுக்கும் உண்டு. ஆட்டம் மட்டும் கிடையாது.

டேனின் ஊர் வெல்னா. நெப்ராஸ்காவில், முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வாழும் ஊர். அப்பா மைலோ தானியக் கிடங்கில் வேலை, அம்மா ஜோலீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அந்தப் பள்ளியில் பதினொரு பையன்களைச் சேர்ப்பதே குதிரைக்கொம்பு என்பதால் எட்டுப் பேர் ஆட்டம்தான். எட்டுப் பேர் ஆட்டத்தில் டேன் ராஜா. பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் நாள் பயிற்சியில் அந்த ராஜாவை ஒரு தடியன் தூக்கித் தண்ணீர்க் குடங்களின்மேல் போட்டான். எழுந்து வாயில் இருந்த புல்லைத் துப்பிவிட்டு, இன்னொரு தடவை என்று கேட்டான் டேன். அன்றைக்கு அவனுக்கு இடம் கிடைத்தது.

அவன் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் ஒரு தாள் அச்சாகி வரும். ஒரே ஒரு முறை களத்தில் இறங்கி, ஒரே ஓர் ஓட்டம் ஓடியவனாக இருந்தாலும் பெயர் அதில் ஏறும். டேன் நான்கு வருடங்களில் நாற்பத்தாறு தாள்களைப் பார்த்துவிட்டான். ஒன்றிலும் ஸ்லாமா இல்லை. சொந்த மைதானத்தில் நடந்த ஆட்டம் ஒன்று விடாமல் அவன் அப்பாவும் அம்மாவும் மூன்று மணி நேரம் காரோட்டி வந்து, காக்கை உட்காரும் உயரத்தில் கிடைத்த இருக்கையில் உட்கார்ந்து, பைனாகுலர் வைத்து மகன் நிற்பதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நிற்பதை! அதை நினைத்தால் அவனுக்கு நெஞ்சு எரியும்.

ஊருக்குப் போனாலோ வெர்னன் கூபிக். கூட்டுறவுக் கடை ஓட்டலில் எந்நேரமும் ஒரு கையில் சில்லி என்கிற இறைச்சிக் குழம்புக் கிண்ணமும் மறுகையில் பட்டை வாசம் வீசும் இனிப்பு ரோலுமாக உட்கார்ந்திருக்கும் ஆசாமி. டேன் கதவைத் திறந்ததுமே ஆரம்பித்துவிடுவார்.

"என்னடா டேன், இந்த வாரமாச்சும் உன் ஜெர்சிக்கு சோப்பு போட்டாங்களா?"

"தேவப்படல வெர்ன். சும்மா உதறி மாட்டிட்டாங்க."

"அடுத்த வருஷம் அதக் கடையிலயே திருப்பிக் குடுத்துரலாம்டா. புதுசுன்னு எடுத்துக்குவான்!"

கடையே சிரிக்கும். டேனும் சேர்ந்து சிரிப்பான். காருக்கு வந்து உட்கார்ந்தபின் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொள்வான்.

கடைசி வருட ஆகஸ்டில் அந்த ஓரக்கோட்டு இடத்துக்கும் ஆபத்து வந்தது. அணியில் நூற்றைந்து பேருக்கு மேல் கூடாது என்று புது விதி. பெரிய பெரிய ஆட்கள் கோட்டு மாட்டிக்கொண்டு எங்கோ உட்கார்ந்து எழுதிய விதி, கத்தி விழுந்தது வாக்-ஆன்கள் கழுத்தில். ஒரே காலையில் முப்பத்தோரு பேர் தங்கள் பெட்டியைக் காலி செய்துகொண்டு போனார்கள். அவர்களில் இரண்டு பேர் டேனோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர்கள். டேனைக் கூப்பிட்ட கோச் பெல்மன்ட், உதை ஆட்டங்களுக்கான பயிற்சியாளர், மழுப்பாமல் சொன்னார்.

"உன்ன ஏன் வச்சிருக்கேன் தெரியுமா? அடுத்தவனா நடிக்கிறதுல உன்ன அடிச்சிக்க ஆளில்ல. போ, போய் வேலையப் பாரு."

பாராட்டா, திட்டா என்று தெரியாமல் வெளியே வந்தான் டேன். இடம் இருக்கிறது, அது போதும் என்று அன்றைக்குத் தோன்றியது.

எண்களும் அப்போது பங்கு பிரிக்கப்பட்டன. நூற்றைந்து பேருக்கு நூறு எண்கூடக் கிடையாது. பழைய பெருந்தலைகளின் எண்கள் சிலவற்றைச் சட்டம் போட்டுச் சுவரில் வேறு மாட்டிவிட்டார்கள். ஆகவே இரண்டு பேருக்கு ஒரே எண் என்பது எங்கள் பக்கத்தில் சாதாரணம். இருவரும் ஒரே நேரத்தில் களத்தில் நிற்கக் கூடாது, அவ்வளவுதான் விதி. டேனின் நாற்பத்து நாலு, அமாரி ஹோல்கமுக்கும் கொடுக்கப்பட்டது. ஹூஸ்டனிலிருந்து வந்த பத்தொன்பது வயதுப் புயல் அமாரி. வெல்னாவுக்குப் பிரியும் நெடுஞ்சாலையில் அவன் படம் ஒரு வீட்டளவு பலகையில் நிற்கிறது. எண்ணைப் பங்குபோடச் சம்மதமா என்று டேனை யாரும் கேட்கவில்லை. இவன் எங்கே களத்தில் இறங்கப் போகிறான் என்ற தைரியம்தான்.

ஆனால் அமாரி நல்லவன். முதல் நாளே வந்து டேனின் தோளில் கை போட்டான்.

"இந்த நம்பர் முதல்ல உன்னோடதாமே? அப்ப நீதான் ஒரிஜினல். நான் டூப்ளிகேட்."

அன்றிலிருந்து டேன் அவனுக்கு ஒரிஜினல்தான். ஒவ்வொரு திங்கட்கிழமையும் கேட்பான்.

"ஒரிஜினல், இந்த வாரம் நீ யாருடா?"

நவம்பர் கடைசி வாரத் திங்கட்கிழமை டேன் சொன்ன பதில்: "முப்பத்தொண்ணு."

முப்பத்தொன்று என்பவன் ஸ்டாண்டிஷ் பல்கலைக்கழகத்தின் ஆட்டக்காரன். அந்தப் பருவத்தில் லூப் ரிவர் மூன்றே ஆட்டம் ஜெயித்து எட்டில் தோற்றிருந்தது. எங்கள் ஆட்கள் அதைக்கூட மன்னித்துவிடுவார்கள். ஸ்டாண்டிஷிடம் தோற்றால் மட்டும் மன்னிப்பு கிடையாது, ஆறு வருடமாக அவர்களிடம்தான் தோற்றுக்கொண்டிருந்தோம். அதுதான் கடைசி ஆட்டம். டேனுக்கு நாற்பத்தேழாவது தாள், அதோடு சரி.

முப்பத்தொன்றின் வீடியோவை டேன் சாப்பிடும்போதும் பார்த்தான், பல் தேய்க்கும்போதும் பார்த்தான். எதிரணி உதைத்துக் கொடுத்த பந்து தூரம் போகாமல் குட்டையாக விழுந்தால் ஸ்டாண்டிஷ் ஒரு தந்திரம் ஆடும். பந்தைப் பிடித்தவன் உதைத்த அணிக்கு வலப்பக்கமாக ஓடுவான், மொத்தக் கூட்டமும் அவன் பின்னால் பாயும். சும்மா வழிமறிக்கிறவன்போல நடுவில் திரியும் முப்பத்தொன்று, அவனைக் கடக்கும்போது பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு இடப்பக்கம் பறந்துவிடுவான். இன்னொன்றும் டேனின் கண்ணில் பட்டது. பந்து தன் கைக்கு வரப்போகிறது என்றால் முப்பத்தொன்று முன்கூட்டியே வலது உள்ளங்கையைத் தொடையில் இரண்டு முறை துடைத்துக்கொள்வான். வேர்வைக் கை பாவம்.

புதன்கிழமைப் பயிற்சியில், முப்பத்தொன்று என்று எழுதிய வலைச்சட்டையை மேலே மாட்டிக்கொண்டு, கையைக்கூட இரண்டு முறை துடைத்துவிட்டு, டேன் அதே தந்திரத்தை ஆடினான். முதல் அணி மொத்தமும் வலப்பக்கம் ஓடியது. டேன் இடப்பக்கம் ஒருவனும் தொடாமல் கோட்டைக் கடந்தான். மறுபடி ஆடச் சொன்னார்கள், மறுபடியும் அதே கதை.

"வெல்னா பையனப் பிடிக்க முடியல, நீங்கல்லாம் சனிக்கிழம என்னத்தக் கிழிக்கப் போறீங்க!" என்று கத்தினார் பெல்மன்ட். டேன் அந்தக் கை துடைக்கும் சங்கதியைச் சொன்னபோது, சரி சரி என்று தலையாட்டிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை வடக்குக் காற்று காதை அறுத்தது. ஐம்பதாயிரம் பேர் கம்பளிக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டம் இழுபறியாகவே போய், ஒரு நிமிடமும் பன்னிரண்டு நொடியும் மிச்சமிருக்கையில் லூப் ரிவர் கடைசிக் கோட்டைக் கடந்து டச்-டவுன் போட்டு முந்தியது. இருபத்தேழுக்கு இருபத்து நாலு. மைதானம் எழுந்து நின்று கத்தியது. இனி பந்தை ஸ்டாண்டிஷுக்கு உதைத்துக் கொடுத்து, அவர்கள் அதைத் திரும்பக் கொண்டுவராமல் அமுக்க வேண்டும். அந்த உதைக்கு ஓட வேண்டிய ஒருவன் அதற்குச் சற்று முன்புதான் கணுக்கால் பிசகி வெளியே போயிருந்தான். சாதாரணமாக இந்த வேலைக்கு வராத அமாரியையும் ஆபத்துக்கு இறக்கியிருந்தார் பெல்மன்ட். அப்படியும் கணுக்கால் பிசகியவனின் இடம் காலியாகவே இருந்தது. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். கண்ணில் பட்டது டேன்.

"ஸ்லாமா! போ! இடப்பக்கக் கடைசி!"

நாற்பத்தேழு ஆட்டமாகக் காத்திருந்த சொல் அது. டேன் ஹெல்மெட்டைக்கூடச் சரியாக மாட்டவில்லை, ஓடிவிட்டான். கோட்டைத் தாண்டிக் கால் வைத்ததும் புல் அவனுக்கு வேறு மாதிரி இருந்தது. மேலே பைனாகுலர் பாதி வழியில் நின்றிருக்கும், அம்மா அப்பாவின் கையைக் கிள்ளியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். உதை பறந்தது. அவன் வெறி பிடித்தவன்போல ஓடினான். ஸ்டாண்டிஷ்காரனை அவன் நெருங்குமுன்பே வேறு நாலு பேர் அமுக்கிவிட்டார்கள். பரவாயில்லை, ஓடியாயிற்று! பெயர் ஏறிவிட்டது!

அப்போதுதான் புல்லில் கிடந்த மஞ்சள் துணியைப் பார்த்தான். நடுவர் வீசியது. தவறு என்று அர்த்தம்.

நடுவர் மைக்கை இயக்கினார். "லூப் ரிவர் அணியில் ஒரே சமயத்தில் இரண்டு நாற்பத்து நாலு. பதினைந்து கெஜம் பின்னால் போய் மறுபடி உதைக்க வேண்டும்."

டேன் குனிந்து தன் மார்பைப் பார்த்தான். நாற்பத்து நாலு. பத்தடி தள்ளி நின்ற அமாரியின் மார்பைப் பார்த்தான். நாற்பத்து நாலு. அந்த வாரம் முழுக்க அவன் முப்பத்தொன்று, அதற்கு முந்தைய வாரம் எண்பத்தெட்டு. ஊரான் எண்ணையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தவனுக்குத் தன் எண் ஞாபகம் வரவில்லை. எங்கள் வாக்-ஆன்களைத் தவிர உலகத்தில் வேறு யாராலும் செய்ய முடியாத தப்பு அது.

ஐம்பதாயிரம் பேரும் ஊளையிட்டார்கள். மறு உதை என்றால் முதல் உதை நடக்கவே இல்லை என்று பொருள், அவன் ஓடிய ஓட்டமும் இல்லை. டேன் ஓரக்கோட்டுக்கு நடந்து வந்தான். மேலே அம்மா இருக்கும் பக்கம் பார்க்கத் துணிவு வரவில்லை.

பெல்மன்ட் ஆட்டத்தை நிறுத்தக் கேட்டுவிட்டு முகம் சிவக்க வந்தார்.

"யார்றா உன்ன உள்ள அனுப்பினது?"

"நீங்கதான் கோச்."

பெல்மன்ட் பெஞ்சைக் காட்டினார். "சரி, நாந்தான். போய் உக்காரு. வேற எவனயாவது..."

நான்கு வருடமாகக் கோச்சுகளிடம் சரி, ஆகட்டும் என்ற இரண்டு சொல்லைத் தவிர எதுவும் பேசாத டேன், அன்றைக்குத்தான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"கோச், பதினஞ்சு கெஜம் பின்னாடி, எதிர்க்காத்து. பந்து குட்டையாதான் விழும். குட்டையா விழுந்தா அவங்க முப்பத்தொண்ணுக்குதான் குடுப்பாங்க. நம்ம பசங்க எல்லாம் வலப்பக்கம் ஓடிருவாங்க. இந்த வாரம் பூரா நாந்தான் கோச் முப்பத்தொண்ணு! எனக்குத் தெரியாதா?"

அமாரி நடுவில் புகுந்தான். "புதன்கிழம என்ன ரெண்டு வாட்டி முட்டாளாக்கினான் கோச். ஒரு நாப்பத்தி நாலுதான் நிக்கணும்னா நான் வெளிய நிக்கிறேன். ஒரிஜினல விடுங்க."

"நீ வெளிய நின்னா நாளைக்கு நானும் வெளியதான் நிப்பேன்!" என்றார் பெல்மன்ட். பிறகு சுற்றித் திரும்பிக் கூவினார். "லொரெய்ன்! ஒரு ஜெர்சி குடு! எந்த எழவு நம்பரா இருந்தாலும் பரவால்ல!"

லொரெய்ன் பெட்ஸ்கா அணியின் துணிமணிகளுக்கெல்லாம் அதிகாரி. ரத்தக்கறை பட்டால் மாற்ற அவள் பெட்டியில் பெயர் போடாத ஜெர்சி ஒன்றிரண்டு எப்போதும் இருக்கும். ஓடி வந்து டேனின் தலைவழியாக ஒன்றை இழுத்து மாட்டினாள். எண்பத்து மூன்று. முந்நூறு பவுண்டு ஆளுக்குத் தைத்தது. டேனுக்கு அது முழங்கால்வரை தொங்கியது.

"கூடாரம் மாதிரி இருக்கு கண்ணு, உள்ள சொருகிக்கோ. நடுவர்கிட்ட நம்பர் மாறிடுச்சின்னு சொல்லிட்டு நில்லு, மறந்துறாத! எம்பத்தி மூணு! சொல்லு பாப்போம்?"

"எம்பத்தி மூணு."

"இன்னொரு தடவ."

"எம்பத்தி மூணு, லொரெய்ன்!"

நடுவரிடம் சொல்லிவிட்டு இடப்பக்கக் கடைசியில் போய் நின்றான். காற்று முகத்தில் மோதியது. தூரத்தில் முப்பத்தொன்று நின்றுகொண்டிருந்தான். டேன் அவனைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. முப்பத்தொன்று இடுப்பில் கை வைத்தான், வானத்தைப் பார்த்தான், சும்மா நிற்பவன்போல நடித்தான். பிறகு வலது உள்ளங்கையைத் தொடையில் துடைத்தான். இன்னொரு முறை துடைத்தான்.

வாடா மவனே, என்றான் டேன் ஹெல்மெட்டுக்குள்.

பந்து குட்டையாகத்தான் விழுந்தது. பிடித்தவன் வலப்பக்கம் பாய்ந்தான், லூப் ரிவரின் ஒன்பது பேர் அவனோடு பாய்ந்தார்கள். அமாரிகூட இரண்டு எட்டு அந்தப் பக்கம் வைத்துவிட்டான். டேன் மட்டும் அசையாமல் நின்றான். கால்கள் கெஞ்சின, கூட்டத்தோடு போகச் சொல்லிக் கெஞ்சின. அவன் விடவில்லை. முப்பத்தொன்று பந்தை வாங்கித் திரும்பினான். எதிரே வெட்டவெளி, எழுபது கெஜம், ஆளே இல்லை. அந்த வெட்டவெளியில் கூடாரம் கட்டியதுபோல ஒரு ஜெர்சி வந்துகொண்டிருந்தது.

முப்பத்தொன்று எந்தக் காலில் விலகுவான் என்பதும் டேனுக்குத் தெரியும். அந்தக் காலில் அவனே நாலு நாள் விலகியிருக்கிறானே! உள்ளே புகுந்து, தோளை விலாவில் இறக்கி, வலது கையால் அந்த வேர்வைக் கையின்மேல் ஓங்கி அடித்தான். பந்து தெறித்துப் புல்லில் உருண்டது. இரண்டு பேரும் விழுந்தார்கள். டேன் மண்ணில் தவழ்ந்து, பந்தை வயிற்றுக்கடியில் இழுத்து, சுருண்டுகொண்டான். மேலே ஒருவர், இருவர், எட்டுப் பேர் வந்து விழுந்தார்கள். யாரோ விரலை முறுக்கினார்கள், யாரோ காதருகில் கெட்ட வார்த்தை சொன்னார்கள். உயிரே போனாலும் இதை விடமாட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டான்.

நடுவர் ஒவ்வொருவராக உரித்தெடுத்து, கடைசியில் கிடந்தவனிடம் பந்தைக் கண்டு, லூப் ரிவர் பக்கம் கை காட்டினார்.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. காற்றே நின்றுவிட்டதுபோல இருந்தது. ஆறு வருடத்துச் சத்தம் அது.

மைதானத்தின் ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் மூச்சு வாங்கினார். "பந்தைத் தட்டிவிட்டு, அதைக் கைப்பற்றியவர், லூப் ரிவரின் எண்பத்து மூன்று..." அதோடு நின்றுவிட்டது குரல். காகிதம் புரளும் சத்தம் மைக்கில் கேட்டது. அவர் கையில் இருந்த பட்டியலில் எண்பத்து மூன்று என்று ஒருவனும் இல்லை. ஐம்பதாயிரம் பேரும் காத்திருந்தார்கள். ஓரக்கோட்டில் வலைச்சட்டைத் தோழர்கள், மீதமிருந்த வாக்-ஆன்கள் எல்லாரும், ஸ்லாமா ஸ்லாமா என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். அது அந்த இரைச்சலில் எங்கே எடுபடும்?

அமாரிக்குத்தான் மூளை ஓடியது. கணுக்காலில் சுற்றுகிற வெள்ளை டேப்பை மருத்துவப் பெட்டியிலிருந்து சரசரவென்று கிழித்தான், கோச்சின் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கிக் கொட்டை எழுத்தில் எழுதினான், டேனின் முதுகில் ஓங்கி ஒட்டினான். பிறகு அவன் இரண்டு தோளையும் பிடித்து, அறிவிப்பாளர் உட்கார்ந்திருக்கும் கண்ணாடிக் கூண்டுப் பக்கம் முதுகு தெரியும்படி திருப்பி நிறுத்தினான்.

"நகராதடா ஒரிஜினல். படிக்கட்டும்."

மேலே யாரோ பைனாகுலர் எடுத்திருக்க வேண்டும்.

"ஸ்லாமா!" என்றது ஒலிபெருக்கி. "டேன் ஸ்லாமா! வெல்னா, நெப்ராஸ்கா!"

முதுகைத் திருப்பி நின்றதால், எதிர்ப்பக்கம் காக்கை உயரத்தில் இருந்த இருக்கைகளுக்கு நேராக டேனின் முகம் இருந்தது. அவ்வளவு தூரத்தில் முகம் எதுவும் தெரியவில்லை. ஆனால் ஒரு பெண் இருக்கைமேல் ஏறி நின்று, பேருந்தை நிறுத்தச் சொல்பவள்போல இரண்டு கையையும் வீசிக்கொண்டிருந்தது தெரிந்தது. டேன் அழுதான். மறைக்கவெல்லாம் இல்லை, நன்றாகவே அழுதான்.

மிச்ச நேரத்தை லூப் ரிவர் பந்தை வைத்துக்கொண்டே கழித்தது. ஆட்டம் முடிந்து உடைமாற்றும் அறையில் லொரெய்ன் துணிக்கூடைகளுக்கு நடுவே நின்றாள். டேன் சுத்தமான நாற்பத்து நாலை வழக்கம்போலக் கூடையில் போட்டான். எண்பத்து மூன்றைப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். மார்பு முழுக்க மண், வயிற்றில் பச்சைப் புல் கறை, முதுகில் கோணலாக டேப்.

"நாலு வருஷத்துல எனக்கு ஒரு பொட்டு அழுக்கு குடுத்ததில்ல நீ," என்றாள் லொரெய்ன். "இன்னைக்கு மொத்தமா சேத்து வச்சிட்ட. குடு, ஊறப் போடறேன்."

"இது... வேணாமே லொரெய்ன்."

அவள் அவனையும் ஜெர்சியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டு கூடையைக் கிளறினாள். "எம்பத்தி மூணு பட்டியல்லயே இல்லாத நம்பர். காணாமப் போனா எவன் கேக்கப் போறான்? எடுத்துட்டு ஓடு."

மறுநாள் ஞாயிறு, தேவாலயம் விட்டதும் கூட்டுறவுக் கடை ஓட்டலில் உட்கார இடமில்லை. அப்பா மைலோ ஆட்டத் தாளை மேசைக்கு மேசை கொண்டுபோய்க் காட்டிக்கொண்டிருந்தார், எல்லாரும் அதை ஏற்கெனவே இரண்டு முறை பார்த்திருந்தும். டேன் உள்ளே வந்ததும் கடை முழுக்க எழுந்து கை தட்டியது. அவன் நேராகப் போய், வெர்னன் கூபிக்கின் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் அந்த ஜெர்சியை விரித்தான்.

வெர்னன் அதைத் தொடாமல் பார்த்தார். மண்ணைப் பார்த்தார், புல் கறையைப் பார்த்தார், டேப்பில் இருந்த ஐந்து ஆங்கில எழுத்தையும் வாய்க்குள் படித்தார். கடைக்காரப் பெண் மேசை துடைக்கும் ஈரத் துணியோடு பக்கத்தில் வந்தாள். வெர்னன் சட்டென்று கையை நீட்டி அவளை மறித்தார்.

"தள்ளிப் போம்மா! எவளாச்சும், எவனாச்சும் இதுல ஒரு சொட்டுத் தண்ணி பட வச்சீங்க, தொலைச்சிடுவேன் தொலைச்சி."